மூன்றாம் பாலம்

சிவப்பைப் பார்க்க வருகிறவர்கள்
நாலு மணிக்கே எழுந்துவிடுகிறார்கள்.
விடுதியிலிருந்து டார்ச் விளக்குகள்
ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிப்போவது
சாலைப் பணியாளர் கொட்டகையிலிருந்து தெரியும்.

எனக்கு வேலை ஏழு மணிக்கு.
கோஸ்னிபாதா சாலையில் எட்டு கிலோமீட்டர் என் பொறுப்பு:
மதகில் தூர் எடுப்பது,
இரவில் சரிந்த மண்ணை அள்ளுவது,
பாலச் சுவரில் முளைப்பதைப் பிடுங்குவது.

துங்கி என்போம் அதை.
ஆணுக்கு அலகு இருக்கிறதா என்றே சந்தேகம் வரும்,
கொண்டை அப்படி முன்னால் வந்து மூடியிருக்கும்.
உடம்பெல்லாம் தணல்.
இறக்கை கரி.
அதன்மேல் யாரோ சாம்பலைக் கொட்டிவிட்டு
அள்ள மறந்துபோன ஒரு திட்டு.
குரலை மட்டும் கேட்டால் மயங்கமாட்டீர்கள்:
காலைக் கட்டிய பன்றி.
ஒரே மரத்தில் பத்துப் பன்றிகள்.
குனியும், துள்ளும், இறக்கையை உதறும்,
எதிர்க்கிளைக்காரனை முறைத்துக்கொண்டே
மாதக்கணக்கில், மழையானாலும்.

அவள் வருவாள்.
உதிர்ந்து மூன்று நாளான இலையின் நிறம்.
ஒரு கேமராவும் திரும்பாது.
மரம் திடீரென்று மௌனமாகும்.
நிதானமாகப் பார்ப்பாள், ஒருவனிடம் போவாள்,
அவன் கழுத்தில் லேசாக ஒரு கொத்து.
அவ்வளவுதான் பேச்சுவார்த்தை.
அவன் திரும்பவும் கிளையேறிக் குனிவான்,
அடுத்தவளுக்காக.
அவள் என் பாலத்துக்கு வந்துவிடுவாள்.

மூன்றாம் பாலம். ஓடையின் வலக்கரையில்
சுவரும் பாறையும் முட்டிக்கொள்ளும் இடத்தில்
மழை நனைக்காத ஒரு மடிப்பு.
சேறு, எச்சில், வேர்நார்.
என் இரு உள்ளங்கைகளைக் குவித்த அளவில் ஒரு கிண்ணம்.
இரண்டு முட்டை, இருபத்தெட்டு நாள்,
மாற்றாள் கிடையாது.

வாழைத்தார் லாரி ஓட்டும் எலெயுத்தேரியோ
ஓடையில் தண்ணீர் பிடிக்க நிறுத்துவான்.
அண்ணாந்து பார்த்து,
"சிவப்பு எங்கே?" என்பான்.
"நடனத்தில் இருக்கிறது."
"இது?"
"வேலையில் இருக்கிறது."

பழத்தை முழுசாக விழுங்கிக்
கொட்டையை இங்கேயே கக்குவாள்.
மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள் எண்ணினேன்.
நூற்று நாற்பதில் விட்டுவிட்டேன், சோளம் ஆறிக்கொண்டிருந்தது.
பெரும்பாலும் மொயேனா.
தோல் உரிந்து, கழுவி, விதைக்கத் தயாராக.
ஆற்றங்கரையில் மொயேனா ஏன் இத்தனை என்று
இனி யாரும் என்னிடம் கேட்கவேண்டாம்.

செப்டம்பரில் பொறியாளர் ஸெனோன் ஆணையோடு வந்தார்.
சுவரில் பச்சை எதுவும் இருக்கக்கூடாது,
வேர் கான்கிரீட்டைப் பிளக்கும்.
அவர் சொன்னது சரி.
வேருக்கு எந்த அவசரமும் இல்லை, அதுதான் பயம்.

ஏணி போட்டேன். முப்பத்தொரு கன்றுகள்.
சிலவற்றில் கொட்டை இன்னும்
காலணிபோல் ஒட்டிக்கொண்டிருந்தது.
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினேன், எனக்குச் சம்பளம் வேண்டும்.

அவள் எதிர்க்கொடியில் உட்கார்ந்திருந்தாள்,
அலகில் ஏதோ பழம்.
வரவில்லை.
கால் மணி. அரை மணி.
கூட்டில் இரண்டு வாய்கள் திறந்தன, மூடின.
அப்போதுதான் குனிந்து என்னையே பார்த்தேன்:
அரசாங்கம் கொடுத்த ஆரஞ்சு மேலங்கி.
கூடு வரை வரக்கூடாத நிறம் அது.

கழற்றி ஏணியடியில் போட்டேன்.
உள்ளே இருந்தது பழுப்புக் கம்பளி, முழங்கையில் கிழிசல்.
சுவரோடு சுவராக நின்றேன்.

வந்தாள்.
என் காதுக்கு ஒரு முழம் தள்ளி,
இறக்கைக் காற்று கன்னத்தில் பட.
ஊட்டினாள். இருமுவதுபோல் ஏதோ செய்தாள்.
ஒரு கொட்டை என் தோளில் விழுந்து,
அங்கிருந்து பாறை இடுக்குக்கு உருண்டது.
அங்கே ஏற்கெனவே இரண்டு இலை விட்ட ஒன்று
நின்றுகொண்டிருந்தது.

அன்று மாலை பதிவேட்டில் எழுதினேன்:
மூன்றாம் பாலம். சுவர் சுத்தம்.
ஹெர்மெலிந்தா உவால்பா, கையொப்பம்.

பாறையைப் பற்றி
ஆணையில் ஒன்றும் இல்லை.